அட்ஜஸ்ட் வேலைக்குச் சேர்ந்த கதை

அந்தக் காலத்தில் வார்த்தைகளுக்கும் உயிர் இருந்தது. கூப்பிட்டால் வந்து நிற்கும், பேசும். வேலை பிடிக்காவிட்டால் "போய்யா" என்று திரும்பிப் போய்விடும். அதனால் மனிதர்களும் வாயைக் கொஞ்சம் அடக்கித்தான் வைத்திருந்தார்கள்.

அப்போது கடற்கரை ஊர் ஒன்றில் ஆவுடையப்பன் என்று ஒருவன் இருந்தான். ஊரில் நல்லவன் என்று பெயர். வெளியில் நல்லவனாக இருப்பதில் என்ன கஷ்டம்? ஒருநாள் காலையில் அவன் மனைவி செண்பகவடிவுக்குச் சேதி வந்தது. அவளுடைய அம்மா சாகக் கிடக்கிறாள், மகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

"ஏங்க, நான் இப்பவே கிளம்புதேன். உசிரோட ஒரு தடவை முகத்தைப் பாத்துட்டு வந்துருதேன்" என்றாள்.

ஆவுடையப்பன் யோசனை வேறு. மறுநாள் அவன் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். இவள் போய்விட்டால் கேசரி கிண்டுவது யார்? அவனுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது.

கொல்லைப்பக்கம் போய் 'போகாதே' என்ற வார்த்தையைக் கூப்பிட்டான். "பெத்தவ சாகக் கிடக்கா. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்" என்று அது நடையைக் கட்டியது. அடுத்து 'பொறு' வந்தது. "எதுவரைக்கும் பொறுக்கணும்? அதைச் சொல்லு, வாரேன்" என்றது. அவன் அதை விட்டுவிட்டு அடுத்ததைக் கூப்பிட்டான். 'விட்டுக்கொடு' வந்து அவனை ஏற இறங்கப் பார்த்தது. "சரி, நீ எதை விட்டுக்கொடுக்கப் போற?" என்று கேட்டது. அதைத் துரத்தியே விட்டான்.

வேலிக்கு அந்தப் பக்கம் 'அட்ஜஸ்ட்' நின்றுகொண்டிருந்தது. தையல் மிஷின்களோடு கப்பலில் வந்து இறங்கிய வார்த்தை. திருகைத் தளர்த்தும், இறுக்கும்; வேறு வேலை தெரியாது. ஊர் புதிது, வயிறு காலி.

"சோறு போடுதேன். ஒரு வேலை செய்வியா?" என்றான் ஆவுடையப்பன்.

"செய்யறேன். திருகு எங்கே?"

அவன் அடுப்படியில் நின்ற மனைவியைக் காட்டினான்.

"அது மனுஷியாச்சே" என்றது அட்ஜஸ்ட்.

"உனக்குச் சோறு வேணுமா, வேண்டாமா?"

அது அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. உள்ளே வந்துவிட்டது.

"இந்த ஒரு தடவை கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று மனைவியிடம் சொன்னான். அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. அதட்டலாகவும் இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. எந்தப் பக்கம் பிடித்து எதிர்த்துப் பேசுவது என்று பாவம், அவளுக்குப் புரியவில்லை. கட்டிய பையை அவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் வந்தவர்கள் கேசரி பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று ஆள் வந்து நின்றான். செண்பகவடிவு கரண்டியைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதாள்.

"வந்தவங்க போற வரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றான் ஆவுடையப்பன். இந்தத் தடவை அவன் யாரையும் கூப்பிடவில்லை. அது அவன் வாயிலேயே குடியேறியிருந்தது.

விருந்தாளிகள் எல்லாவற்றையும் பார்த்தார்கள். கேள்வி கேட்காமல் வேலை செய்கிற ஆளை யார் விடுவார்கள்? போகும்போது அந்த வார்த்தையை ஆளாளுக்கு வாயில் போட்டுக்கொண்டு போனார்கள்.

அன்று முதல்தான் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக நுழையவும், ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்கு வரச் சொல்லவும், பந்தியில் ஆறிப்போன சோற்றைப் போடவும், அடி வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிற மகளை மறுபடியும் அங்கேயே அனுப்பிவைக்கவும் நமக்கெல்லாம் இந்த ஒரு வார்த்தையே போதுமானதாக இருக்கிறது.