மொட்டைக் கழுத்துச் சேவல்

சித்திரையில் ஒரு நாள், இருட்டிய பிறகு, கோழிக் கொட்டகையிலிருந்து ரம்பம் இழுப்பது போல ஒரு சத்தம் வந்தது. திருடனோ பாம்போ என்று நினைத்தாள் பிரகாசி. கைக்குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு விளக்கோடு போய்ப் பார்த்தாள். திருடனும் இல்லை, பாம்பும் இல்லை. தகரத்தின் சூடு இறங்காமல் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிய சத்தம்தான் அது.

விடிவதற்குள் தெருவிலிருந்த சேவல்களெல்லாம் செத்துப்போயின, ஒன்றைத் தவிர. அது பிரகாசியின் மொட்டைக் கழுத்துச் சேவல். அதன் குஞ்சுகளில் கழுத்தில் இறகிருந்தவை செத்தன. மொட்டைக் கழுத்து ஒன்பதும் பிழைத்தன. அடுத்த வீட்டில் அவள் ஓரகத்தி அருளாயிக்கு மிஞ்சியது ஐந்து பெட்டை.

அந்தச் சேவல் பொரிந்தது அருளாயியின் முட்டையில். தாய்க்கும் தகப்பனுக்கும் கழுத்து நிறைய இறகு. பன்னிரண்டு குஞ்சில் இது ஒன்றுதான் மொட்டை. சீக்குக் குஞ்சு, உன் வீட்டுக்குத்தான் லாயக்கு என்று சுவருக்கு மேலே பிரகாசியிடம் தூக்கிப் போட்டவள் அவளே. இப்போது அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முட்டை என்னுடையது, சேவலைக் கொடு என்று வந்து நின்றாள்.

"தூக்கிப் போட்டப்போ தெரியலையாக்கா?" என்றாள் பிரகாசி.

அருளாயி வீட்டுக்குப் போய் ஐந்து பெட்டைகளின் கழுத்து இறகையும் பிடுங்கினாள். தாய் மொட்டையானால் பிள்ளையும் மொட்டையாகும் என்பது அவள் கணக்கு. இரண்டு வீட்டுக் கோழியும் பகலெல்லாம் மேய்வது ஒரே குப்பைமேட்டில். ஆடியில் அடை வைத்தாள். பதினோரு குஞ்சு பொரிந்தது. ஐந்து மொட்டைக் கழுத்து.

கூடையோடு தெருவுக்கு வந்தாள். "பாத்தியாடி? இனி உன் சேவல் யாருக்கு வேணும்?"

அருளாயியின் புருஷனோ, வெயில்தான் கோழி இனத்தை மாற்றிவிட்டது என்றான். இல்லை, என் சேவல்தான் என்றாள் பிரகாசி.

பிடுங்கிய கையா, வெயிலா, சேவலா? மூவரில் யார் சொல்வது சரி?

விடை: பிரகாசி சொன்னதே சரி. தெருவில் வேறு சேவலே இல்லை. தலைமுறை தலைமுறையாகக் காது குத்துகிறோம். துளையோடு பிறந்த பிள்ளை உண்டா? பிடுங்கிய இறகும் அப்படித்தான், முட்டைக்குள் போகாது. போயிருந்தால் பதினொன்றும் மொட்டையாகியிருக்கும். சேவலின் குஞ்சுகளிலோ ஏறக்குறைய பாதிதான் மொட்டை. வெயில் யாரையும் மாற்றவில்லை. முட்டைக்குள் தற்செயலாக மாறிப் பிறந்ததை விட்டுவிட்டு, மற்றதில் பலதைக் கொன்றது. ஆனால் ஜெயித்த பிரகாசிக்குத்தான் வயிறு எரிந்தது. அப்படியானால் அந்த ஐந்தும் அவள் சேவலின் பிள்ளைகள், அருளாயிக்குச் சும்மா கிடைத்தவை. அன்று பொழுது சாயுமுன் சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.