பிள்ளையார் ஒட்டிய இடம்

நாமக்கல்லில் லாரி பிரேக் என்றால் பூவாத்தாள் மேஸ்திரிதான். வயது முப்பத்திரண்டு. அவளிடம் தொழில் கற்க வந்த சீடர் பொங்கியண்ணனுக்கு ஐம்பத்தாறு. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். தொப்பூர் இறக்கத்தில், மழையில், அவர் வண்டி வழுக்கிக் கவிழ்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினன் சென்னியப்பன் அங்கேயே போய்விட்டான். அதன்பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பட்டறைக்கு வந்ததே ஒரு கேள்விக்காகத்தான்.

"பிரேக்கைச் சரியாத்தானுங்க மிதிச்சேன். சக்கரம் ஏனுங்க பூட்டிக்கிச்சு? வண்டி தப்பா, உங்க தப்பான்னு வீட்டுக்காரி கேக்கறா. அவ கூடப் பொறந்தவன் இல்லீங்களா. என்னன்னு சொல்லட்டும்?"

தினமும் கேட்பார். "வண்டியைப் பாக்காம எப்படிங்கண்ணா சொல்றது?" என்பாள் மேஸ்திரி.

ஒருநாள் கவிழ்ந்த அந்த லாரியே பட்டறைக்கு வந்து சேர்ந்தது. மேஸ்திரி பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினாள்.

"சுத்துங்கண்ணா."

சுற்றினார். சக்கரத்து வயரில் மாட்டி அவள் கையில் பிடித்திருந்த மீட்டரில் முள் அசையவில்லை.

சக்கரத்தின் உட்பக்கம் பல் வைத்த வளையம். அதை ஒட்டி, விரல் நீளத்தில் ஒரு சென்சார். அதை உருவிக் காட்டினாள்.

"ஒவ்வொரு பல்லு தாண்டும்போதும் இது ஒரு துடிப்பு அனுப்புமுங்க. சக்கரம் எத்தனை வேகத்துல சுத்துதுன்னு கம்ப்யூட்டருக்கு அதை வச்சுத்தான் தெரியும். மிதிக்கறப்ப சக்கரம் நிக்கப் பாத்தா, பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். சக்கரம் பூட்டாது."

"அப்பறம் ஏனுங்க பூட்டுச்சு?"

சென்சாரின் காந்த நுனியில் இரும்புத்தூள் அப்பியிருந்தது. அழுக்குத் துணியால் துடைத்துத் திரும்பச் செருகினாள். அவர் சுற்றினார். முள் துடித்தது.

பொங்கியண்ணன் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இவ்வளவுதானுங்களா? இதைச் சொல்ல அந்த வண்டிக்கு ஒரு வாயில்லாமப் போச்சே!"

"துடிப்பு வரலைன்னா கம்ப்யூட்டரு பிரேக்கை விட்டுப் பிடிக்காது, டேஷ்போர்டுல மஞ்ச விளக்கு எரியுமுங்களே. பாக்கலையா?"

அவர் எழுந்து கேபின் பக்கம் போனார்.

"ஒரு வாரமா எரிஞ்சுதுங்க. கண்ணைக் கூசுச்சு. பட்டறைக்கு விடலாம் மாமான்னு சென்னியப்பன் சொன்னான். நான்தான் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சேன்."

கண்ணாடி நொறுங்கிய கேபினில் அவர் ஏறினார். டேஷ்போர்டில் பிள்ளையார் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார்.

"பிள்ளையாரை எடுத்துடறேனுங்க, மேஸ்திரி."

"எடுங்கண்ணா. ஆனா இனி அங்க விளக்கு எரியாது. சென்சாரைத் தொடச்சாச்சுங்களே."