பெருங்காயம் சுமந்த பந்தயப் புறா

ஊத்துப்பட்டியில சடையாண்டின்னு ஒருத்தன், புறான்னா உசுரு. ஊரே கோயிலுக்குப் போய் சாமியப் பாக்கும். இவன் கோபுரத்துல ஒக்காந்திருக்கற புறாவைப் பாத்துக் கும்பிட்டுட்டு வந்துருவான். அப்பேர்ப்பட்டவன் பசுமாடு வாங்கப் போறேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுக் கெளம்பி, கரட்டுப்பட்டி தங்கப்பாண்டிகிட்ட ஒத்தப் பந்தயப் புறா வாங்கிட்டு வந்து நின்னான். வெலை மட்டும் மாட்டு வெலைதான், அதுல கொறையில்ல.

தங்கப்பாண்டியும் பொய் சொல்லி விக்கல. "எங்க கொண்டு போயி விட்டாலும் நேரா வீட்டுக்கு வந்துரும்"னான். நெசத்தத்தான் சொன்னான்.

பொண்டாட்டி பேச்சித்தாய் புறாவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்தா.

"மடி எங்க?"

"இது பந்தயப் புறா தாயி."

"வேலை செய்யாத உசுருக்கு இந்த வீட்டுல எடமில்ல. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு வேலை செஞ்சு காட்டலேன்னா கொழம்புதான்."

சடையாண்டி கூட்டாளிக ஒச்சப்பனையும் மொக்கையனையும் தேடி ஓடுனான். இந்த ஒச்சப்பன் யாரு தெரியுமா? மழை வந்தா நனைஞ்சிரும்னு குடைய வீட்டுல பூட்டி வச்சிட்டு நனைஞ்சுகிட்டே போறவன். அவங்க ஆத்தா அதுக்கும் மேல, அந்தக் குடைக்கு ஒரு உறை தச்சுக் குடுத்தவ. சரி, அது கெடக்கட்டும்.

ஒச்சப்பன் தாடைய தடவிக்கிட்டே கேட்டான். "புறாவுக்கு என்ன தெரியும்?"

"வீட்டுக்கு வரத் தெரியும்."

"அப்பப் பெறகென்ன. வெறுங்காலோட வர்றதுக்குப் பதிலா சாமான் தூக்கிட்டு வரட்டும். பெருங்காயம், கடுகுன்னு கனமில்லாத சரக்கா கட்டி விடு. சந்தைக்குப் போற பஸ்காசு மிச்சம்."

"சந்தை வரைக்கும் புறாவை எப்படிக் கொண்டு போறது?"

"பஸ்லதான்."

மூணு பேருமா டிக்கெட் எடுத்துப் போனாங்க. கால்ல பொட்டலத்தக் கட்டிப் பறக்க விட்டாங்க. இங்க பேச்சித்தாய் ரசத்துக்கு எண்ணெயக் காய வச்சிட்டு, கரண்டியும் கையுமா வானத்தையே பாத்துட்டு நின்னா. எண்ணெ பொகைஞ்சு, சட்டி கருத்து, கடைசில கழுத்தும் வலிச்சிருச்சு. புறா வரல. அது பாட்டுக்கு கரட்டுப்பட்டிக்குப் போயி எறங்கிருச்சு.

தங்கப்பாண்டி நல்ல மனுசன், கூப்புட்டுப் புறாவைத் திருப்பிக் குடுத்துட்டான். மறுபடியும் கூட்டம் போட்டாங்க.

"புதுசா வந்த புறா. நம்ம விலாசம் அதுக்கு எப்படித் தெரியும்?"னான் மொக்கையன்.

நியாயந்தானேன்னு ரேசன் கார்டை எடுத்தாந்து புறா மூஞ்சிக்கு நேரா காட்டுனாங்க. அது தலையச் சாச்சுப் பாத்துச்சு.

"ஒத்தக் கண்ணாலதான்டா படிக்குது. அந்தக் கண்ணுக்கும் காட்டு"ன்னான் ஒச்சப்பன்.

ரெண்டு கண்ணுக்கும் காட்டி, பொறுமையாப் படிக்க விட்டு, பொட்டலத்தையும் கட்டி சந்தையில கொண்டு போயி விட்டாங்க. அப்பவும் கரட்டுப்பட்டிதான்.

ஞாயித்துக்கெழமை விடிஞ்சதும் பேச்சித்தாய் மசாலா அரைச்சு வச்சிட்டா. புறாவைக் கையோட பிடிச்சாறேன்னு அவளும் பஸ் ஏறுனா. சடையாண்டி வழியெல்லாம் கண்ணத் தொடச்சுக்கிட்டே பின்னால போனான்.

தங்கப்பாண்டி வீட்டு வாசல்லயே ரசம் மணத்துச்சு.

"வாங்க தங்கச்சி. நீங்க அனுப்புன பெருங்காயம் ஒசத்திச் சரக்கு."

பேச்சித்தாய் நின்னுட்டா. "பொட்டலம் அவுந்து போகாம வந்துச்சாண்ணே?"

"ஒரு கடுகு சிந்தல."

அவ அடுப்பங்கரைக்குள்ள எட்டிப் பாத்தா.

"அப்ப புறா வேலை செய்யத்தானே செஞ்சிருக்கு"ன்னா அவ. "தப்பு நம்ம அடுப்பு மேல. அது வேற ஊர்ல இருக்கு."

அன்னையிலருந்து பேச்சித்தாய் விடிஞ்சதும் பஸ் ஏறி கரட்டுப்பட்டிக்குப் போயிருவா. சடையாண்டி சந்தையிலருந்து புறாவை விடுவான். தங்கப்பாண்டி வீட்டு அடுப்புல ரசம் தாளிச்சு, அவனுக்கும் ஒரு கிண்ணம் ஊத்திட்டு, மிச்சத்தயும் புறாவையும் பஸ்லயே ஊருக்குக் கொண்டு வருவா. என்ன, பள்ளம் மேட்டுல பாதி ரசம் கண்டக்டர் சட்டையில போயிரும்.

ஒருநாள் தூக்குச்சட்டியக் கீழ வச்சிட்டு அவளே சொன்னா. "ஏங்க, இன்னொரு புறா வாங்குங்க. ரசத்த வீட்டுக்குத் தூக்கிட்டு வரட்டும்."

சடையாண்டி சந்தோசத்துல சட்டைய மாட்டிக்கிட்டே கேட்டான். "யாருகிட்ட வாங்கறது தாயி?"

"இதென்ன கேள்வி. தங்கப்பாண்டி அண்ணன்கிட்டதான். அவரு புறா ஒரு தடவையாச்சும் வீடு மாறிப் போயிருக்கா?"