முதுகுக்குப் பின்னால்

கோவில்பட்டியில் ஒரு தியேட்டர். அதைக் கூட்டிப் பெருக்குகிறவள் மாரிக்கனி. அங்கே ஒரு படம் நூறு நாள் ஓடிவிட்டதென்று விழா எடுத்தார்கள். கதாநாயகன் ரத்னதீபனே நேரில் வந்தார்.

"ஒரு ஷோ விடாம உங்க படத்தைப் பார்த்தவ இவதான் சார்" என்று மேனேஜர் அவளை மேடைக்கு இழுத்துவிட்டார்.

நடிகருக்குப் பெருமை தாங்கவில்லை. "பஸ்ஸுக்குள்ள ஆடுற பாட்டுல நான் போட்டிருக்கிற சட்டை என்ன கலர்? சொல்லிட்டா கேட்டதைத் தர்றேன்!"

"தெரியலைங்கய்யா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் முகம் சுருங்கியது. "அப்ப தினமும் என்னத்தைத்தான் பார்த்தே?"

"நீங்க எப்ப விலகுவீங்கன்னு பார்த்தேன்யா. உங்க முதுகுக்குப் பின்னாடி, ஜன்னலோர சீட்டுல எங்க வீட்டுக்காரரு இருக்காரு. ஷூட்டிங்ல கூட்டத்துக்கு ஆள் வேணும்னு கூட்டிட்டுப் போனாங்க. படம் வர்றதுக்குள்ள காய்ச்சல்ல போயிட்டாரு. வீட்டுல அவரு போட்டோ ஒண்ணுகூட இல்லய்யா."

சிரிப்பு அடங்கிப்போயிற்று. "உனக்கு என்ன வேணும், கேளும்மா" என்றார் ரத்னதீபன்.

"அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்க முடியுமாய்யா?"

விழா முடிந்தும் அவர் கிளம்பாமல், படம் ஓடும்போது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பஸ் பாட்டு வந்தது. திரையில் கதாநாயகன் ஆடிக்கொண்டே குனிந்தான்.

"அதோ, அவருதான்."

"சிரிக்கிறாரே!"

"ஆமாய்யா, எப்பவும் சிரிச்ச முகந்தான்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், ரத்னதீபனின் முதுகு நிமிர்ந்து அவள் புருஷனை மறைத்துவிட்டது.