பூவரச இலையும் பதினான்கு பசுக்களும்

இது எந்த ராஜா காலத்தில் நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ராஜாவின் பெயரை அவனுடைய பேரன்களே மறந்துவிட்டார்கள். அவன் ஆண்டபோது இரண்டு வருஷம் மழை பெய்யவில்லை என்பதை மட்டும் யாரும் மறக்கவில்லை. சின்னவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். பெரியவர்கள் பின்னால் உட்காரலாம். ஆனால் கதை அவர்களுக்கும்தான்.

அந்த நாட்டில் நெடுங்கரடு என்று ஓர் ஊர். ஒரு பக்கம் கரடு என்கிற பாறைக் குன்று, மூன்று பக்கம் முள். ஊர் மாடுகளை எல்லாம் தவசி என்பவன் மேய்த்தான். காலையில் மாடுகள் ஊர்ப் பொதுவெளியான மந்தையில் வந்து கூடும். கன்றுகள் வீட்டிலேயே கட்டிக் கிடக்கும். அவன் மாடுகளைக் கரட்டடிக்கு ஓட்டிப் போய், பொழுது சாயும்போது திருப்பிக் கொண்டுவந்து விடுவான். அறுப்பு முடிந்ததும் மாட்டுக்கு ஒரு மரக்கால் தானியம் அவனுக்குக் கூலி.

மழை இல்லை, அதனால் அறுப்பு இல்லை, அதனால் கூலியும் இல்லை. மாட்டுக்கு வயிறு இருந்ததால் மேய்க்கிற வேலை மட்டும் இருந்தது.

தவசிக்குக் காத்தாயி என்று மனைவி. செல்லி என்று மூன்று வயதில் ஒரு மகள். அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். காத்தாயி முதலில் ஈச்ச ஓலை கிழித்து விளக்குமாறு கட்டினாள். களத்தில் தானியமே இல்லாதபோது கூட்டுவதற்கு யார் வாங்குவார்கள்? அடுத்து விறகு வெட்டிக் கோட்டையூர்ச் சந்தைக்குச் சுமந்தாள். ஊரில் பாதிப் பேர் அதையேதான் சுமந்தார்கள், விறகு சீந்துவாரில்லாமல் கிடந்தது. மூன்றாவதாகக் கரட்டில் கிழங்கு தோண்டப் போனாள். அவளுக்கு முன்னால் பன்றிகள் தோண்டியிருந்தன.

வீட்டில் செல்லி முதலில் விளையாடுவதை நிறுத்தினாள். பிறகு நடப்பதை நிறுத்தினாள். அப்புறம் அழுவதையும் நிறுத்திவிட்டாள்.

அதே ஊரில் உலகம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, மாடும் இல்லை. ஊர் மாடுகளுக்குப் பின்னாலேயே போய்ச் சாணி பொறுக்கி, வறட்டி தட்டி, குயவர் சூளைக்குக் கொடுப்பாள். அவர்கள் ஒரு பிடி கேழ்வரகு தருவார்கள். அதில் காய்ச்சிய கஞ்சியில் பாதியைத் தினமும் செல்லிக்குக் கொண்டுவந்து ஊட்டினாள். யாரும் கேட்டு அவள் கொடுக்கவில்லை. ஆனால் பஞ்சத்துக் கஞ்சியில் பாதி என்றால் அது பெரும்பாலும் தண்ணீர்தான்.

ஒரு நாள் நடுப்பகலில், கரட்டடி ஓடைக்கரையில், தவசி ஒரு பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். எதிரே அம்பலக்காரருடைய கறுப்புப் பசு நின்றது. அம்பலக்காரர்தான் ஊருக்குத் தலைவர். தவசி பசுவின் மடியைப் பார்த்தான். வீட்டில் கிடக்கும் பிள்ளையை நினைத்தான். கன்று பக்கத்தில் இல்லாமல் பசு பால் விடாது என்று மேய்ப்பவனுக்குத் தெரியாதா? பூவரச இலை ஒன்றைப் பறித்துச் சுருட்டினான். கன்று கத்துவதுபோல மெல்ல ஊதினான். பசுவுக்கு மடி சுரந்தது. சுரைக்குடுவையில் ஒரு கை பால் கறந்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

அன்றைக்குச் செல்லி அழுதாள். ஒரு வாரத்தில் எழுந்து நடந்தாள். அந்த ஒரு கைப் பாலை நான் குற்றம் சொல்ல மாட்டேன். சொல்கிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அவர்கள் பட்டினி கிடந்ததில்லை என்றுதான் நினைப்பேன்.

சாணி பொறுக்க வந்த உலகம்மாள் ஒரு நாள் அவன் கறப்பதைப் பார்த்துவிட்டாள். தவசி குடுவையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அவள் கூடையை இறக்கி வைத்தாள்.

“பிள்ளைக்கு மட்டும் எடுத்துக்கடா தவசி. மிச்சத்தக் கன்னுக்கு விட்டுரு” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். ஊரில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

தவசி அந்தப் பேச்சைப் பத்து நாள் காப்பாற்றினான். பதினோராவது நாள் காத்தாயி யோசித்தாள். பிள்ளை பிழைத்துவிட்டாள், நாம் எப்படிப் பிழைப்பது என்று கேட்டாள். ஒரு பசு மூன்று பசுவானது. மூன்று பசு ஏழானது. கடைசியில் ஊரில் பால் கொடுத்த பதினான்கு பசுக்களும் அந்த மரத்தடிக்கு வந்தன. இலை ஊதியதும் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் வந்து, பின்னங்காலைச் சற்றுப் பின்னால் வைத்து நிற்கப் பழகிக்கொண்டன. காத்தாயி தயிர் கடைந்து, வெண்ணெய் உருக்கி, நெய்யைக் கோட்டையூரில் கொடுத்துச் சோளமும் வரகும் வாங்கி வந்தாள். எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர்களுக்கு, கோட்டையூரில் ஒரு வீட்டில் பாத்திரம் துலக்குகிறேன் என்று சொன்னாள்.

கன்றுகள் மெலிந்தன. விலா எலும்பை எண்ணலாம் என்றாகி, பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் மூன்று கன்றுகள் செத்துப் போயின.

மேய்ந்துவிட்டு வரும் மாடு வெறும் மடியோடு வருகிறதே என்று ஊர் கலங்கியது. புல்லில் சத்தில்லை என்று முதலில் சொன்னார்கள். மேய்ச்சல் இடத்தை மாற்றியும் பால் வரவில்லை. சாரைப்பாம்பு வந்து மடியில் வாய் வைக்கிறது என்று அடுத்துச் சொன்னார்கள். கண்ணில் பட்ட சாரைகளை எல்லாம் அடித்துக் கொன்றார்கள், எலிதான் பெருகியது. மூன்றாவதாக ஒருவர், யாரோ கண் வைக்கிறார்கள் என்றார். அதற்கப்புறம் ஊர் வேறெதையும் தேடவில்லை.

மாட்டையே பார்த்துக்கொண்டு நிற்பவள் யார்? உலகம்மாள். சாணி போடுமா என்று பார்க்கத்தான் அவள் நிற்பாள். ஆனால் பிள்ளை இல்லாதவள், மாடு இல்லாதவள், கேட்க ஆள் இல்லாதவள் நின்று பார்த்தால் ஊருக்கு வேறு மாதிரித் தெரியும்.

சித்திரை வெயிலில் மந்தையில் ஊர் கூடியது. உலகம்மாளை நடுவில் நிறுத்தினார்கள். அம்பலக்காரர் தவசியைக் கூப்பிட்டார்.

“நாள் முழுக்க மாட்டோட கெடக்குறவன் நீதான். இவ மாட்டுப் பக்கத்துல நின்னு மடியப் பாக்குறது உண்டா, இல்லையா?”

தவசி உண்மையைச் சொல்லலாம். சொன்னால் வேலை போகும், சோளம் போகும், கட்டி வைத்து அடிப்பார்கள். தெரியாது என்றாவது சொல்லலாம். அவன் கூட்டத்தைப் பார்த்தான். செல்லியை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்தாயி அங்கே நின்றாள். வாயைத் திறந்துவிடாதே என்று கண்ணால் கெஞ்சினாள்.

“பாக்குறது உண்டுங்கய்யா” என்றான்.

சொன்னது பொய்யில்லை. அதனால்தான் அது பொய்யைவிடக் கெட்டது.

“நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா” என்றாள் உலகம்மாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். உலகம்மாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். சொல்வதற்கு வாயைத் திறந்தாள் என்றுதான் எனக்குக் கதை சொன்னவர் சொன்னார். அப்போது காத்தாயி இடுப்பிலிருந்த செல்லி அவளைப் பார்த்துக் கையை நீட்டிச் சிரித்தாள். உலகம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்டச் சொன்னார்கள். தண்ணீர்க் குடத்தை எடுக்க விடவில்லை, அவள் தொட்ட குடம் ஊரில் இருக்கக் கூடாது என்று போட்டு உடைத்தார்கள். பெரியவர்களும் பிள்ளைகளும் மண்ணாங்கட்டி எறிந்து விரட்டினார்கள்.

நான்காம் நாள் தவசிதான் அவளைக் கண்டான். மாடுகளை ஓட்டிக்கொண்டு காய்ந்த ஓடையில் மேலே போனபோது மணலில் குப்புறக் கிடந்தாள். ஊற்றுத் தண்ணீருக்காக முழங்கை ஆழம் கையாலேயே தோண்டியிருந்தாள். உள்ளேயும் வெறும் மணல்தான். தவசி அவளைப் புதைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். கேட்பதற்கு மாடுகள்தான் இருந்தன.

அன்றோடு அவன் இலை ஊதுவதை விட்டான். ஒரு பசுவையும் தொடவில்லை. திருந்திவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பலனைக் கேளுங்கள். மாடுகள் நிறைந்த மடியோடு வீடு திரும்பின. மிஞ்சிய கன்றுகள் தேறித் துள்ளின. “பாத்தீங்களா, அவ தொலைஞ்சதும் பால் வந்துருச்சு” என்று ஊர் சொன்னது. ஐப்பசியில் மழையும் வந்தது. அதையும் அவள் கணக்கிலேயே எழுதினார்கள். தவசி யோக்கியமாக இருந்த ஒவ்வொரு நாளும் உலகம்மாளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. துணிந்து சாட்சி சொன்னவன் என்று அம்பலக்காரர் வீட்டிலிருந்து அவனுக்கு மாதம் ஒரு மரக்கால் கம்பு வேறு வந்தது. அவன் அதை வாங்கினான். அறுப்பு வரும்வரை அதைத்தான் மூன்று பேரும் சாப்பிட்டார்கள். செல்லி மட்டும் சாப்பிடும்போதெல்லாம், கஞ்சி அத்தை எப்போது வரும் என்று கேட்டாள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று காத்தாயி சொல்லி வைத்தாள்.

தை பிறந்தது. மாட்டுப் பொங்கல் வந்தது. மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்குச் சாயம் பூசி, கன்றுகளோடு மந்தைக்கு ஓட்டி வந்தார்கள். அந்த வருஷம் புதிதாக ஒரு சடங்கு வைத்தார்கள். வைக்கோலில் ஒரு பெண்ணுருவம் கட்டி, பழைய வெள்ளைச் சீலை சுற்றி, இடுப்பில் ஓர் ஓட்டைக் கூடையை மாட்டினார்கள். ஊரில் பெரியவர்களும் பிள்ளைகளும் அதன்மேல் மண்ணாங்கட்டி எறிய வேண்டும், பிறகு கொளுத்த வேண்டும். இனி வருஷாவருஷம் இப்படியே செய்வது என்று அம்பலக்காரர் சொன்னார். முதல் கட்டியை யார் எறிவது? சாட்சி சொன்னவன் பிள்ளை எறியட்டும் என்றார்கள்.

செல்லியின் கையில் கட்டியைக் கொடுத்தார்கள். அவள் கூடையைப் பார்த்தாள். சீலையைப் பார்த்தாள். அப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்பா, இது கஞ்சி அத்தைதானே? அத்தை மேல எதுக்கு எறியணும்?”

தவசி அவள் கையிலிருந்த கட்டியை வாங்கிக் கீழே போட்டான். மந்தையோரம் நின்ற பூவரசில் ஓர் இலை பறித்தான். சுருட்டினான். மெல்ல ஊதினான்.

அம்பலக்காரரின் கறுப்புப் பசு தலையைத் தூக்கியது. மாலையோடும் மணியோடும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவன் முன்னால் பின்னங்காலைப் பின்னால் வைத்து நின்றது. அதன் பின்னால் இரண்டாவது வந்தது. அதன் பின்னால் மூன்றாவது. பதினான்கு பசுக்களும், நடுவில் ஒன்றுகூட முந்தாமல், பழைய வரிசையிலேயே வந்து நின்றன. யாரும் தொடாமலே காம்புகளிலிருந்து பால் சொட்டி மண்ணில் விழுந்தது.

தவசிதான் பேசினான்.

“அவ கண்ணுல ஒண்ணும் இல்லீங்கய்யா. எல்லாம் என் கைதான் பண்ணுச்சு.”

“அவளுக்குத் தெரியுமா?” என்று அம்பலக்காரர் கேட்டார்.

“தெரியும். எம் பிள்ளை மொகத்தப் பாத்துட்டுச் சொல்லாம போயிட்டா.”

அவனை அடிக்க வேண்டும் என்று யாரும் முன்னால் வரவில்லை. எறிவதற்கு வைத்திருந்த கட்டி எல்லார் கையிலும் இருந்தது. போன சித்திரையில் எறிந்ததும் அதே கைகள்தான். அம்பலக்காரர் தன் பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மற்றவர்களும் அவரவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையில் தவசி மந்தையில் போய் நின்றான். ஒரு மாடும் வரவில்லை. மூன்றாம் நாள் அவனும் காத்தாயியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, உலகம்மாள் போன அதே வழியில் ஊரைவிட்டுப் போனார்கள். அவர்கள் கையில் தண்ணீர்க் குடம் இருந்தது. ஓடையிலும் தண்ணீர் ஓடியது. அவளைப் புதைத்த மேட்டை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. கும்பிட ஓர் இடம் இல்லாமல் தவசி செல்லியைக் கரையில் நிறுத்தி, தண்ணீரைப் பார்த்துக் கும்பிடச் சொன்னான்.

அந்த வைக்கோல் உருவத்தைக் கொளுத்த யாருக்கும் மனம் வரவில்லை. மந்தையிலேயே கிடந்தது. மாடுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்தன.

கேட்டவர்கள் எழுந்து போவதற்கு முன் இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வயிற்றுக்காகச் செய்த தவற்றை மறைத்து வைத்தால், அதற்கான தண்டனையை நமக்குச் சோறு போட்டவர்தான் அனுபவிப்பார்.