சேறு பூசிய நிஜம்

பொள்ளாச்சிப் பக்கம் ஷூட்டிங் வண்டி நுழையாத ஊர் இல்லை. அப்படித்தான் கூலிக்காரி பூவாத்தா வீட்டுக்கும் வந்து சேர்ந்தார் டைரக்டர் இளவழுதி. ஏழை வாழ்க்கையை உள்ளது உள்ளபடி எடுக்கப் போகிறாராம். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்றிருந்த சுவரைக் கண்டதும் முகம் சுளித்தார். பூவாத்தா காட்டு வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள், அவர் ஆட்கள் சுவர் முழுக்கச் சேற்றையும் சாம்பலையும் அப்பிவிட்டார்கள்.

மறுநாள் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். டைரக்டர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"மத்தவங்க அழகுபடுத்திப் பொய் சொல்றாங்க. என் படத்துல பொய்யே கிடையாது. இந்தாம்மா, கேமராவை மறந்துடு. உன் வீட்டுல எப்பவும் என்ன செய்வியோ, அதையே செய்."

"அதையே செய்யட்டுங்களா?"

"அதேதான் வேணும்!"

கேமரா ஓடியது. பூவாத்தா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, வாளியும் துணியுமாக வந்து சுவரைக் கழுவ ஆரம்பித்தாள். சேறு வழிய வழிய வெள்ளை எட்டிப் பார்த்தது.

"கட்! கட்!" டைரக்டர் அலறினார். "நிஜம் மொத்தமும் போச்சே!"

பத்திரிகைக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பூவாத்தா துணியைப் பிழிந்தாள்.

"நெசம் எங்கயும் போகலீங்க. உங்காளுங்க அப்புனதுதானுங்க போகுது."