தொடாத தண்ணீர்

டாக்டர் மரகதவல்லியிடம் தொழில் கற்றவர்கள் அவரை அம்மா என்றே அழைப்பார்கள். நல்லசிவமும் அப்படித்தான். கேட்ட கேள்விக்கு அம்மாவிடமிருந்து உடனே பதில் வராது. அது தெரிந்தும் கேட்பார்.

அன்று ஆஸ்பத்திரி வார்டில் எரிச்சலோடு வந்து நின்றார். பனியன் கம்பெனியில் தைக்கும் செங்கமலம் மூன்றாவது தடவையாகக் குளிர்காய்ச்சலில் படுத்திருக்கிறாள். சிறுநீரகத்தில் கிருமி. இன்னொரு முறை வந்தால் சிறுநீரகம் தாங்காது. தண்ணீர் குடி என்று சொன்னால் சரிங்க சார் என்று தலையாட்டுகிறாள். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

"போன தடவை நானே பாட்டில் வாங்கிக் கொடுத்தேம்மா. குடிக்காதவளை எப்படிக் காப்பாத்தறது?"

அம்மா செங்கமலத்தின் கட்டிலுக்கடியில் இருந்த பையிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்தார். கழுத்துவரை தண்ணீர் இருந்தது. அடியில் பாசி பிடித்திருந்தது.

"இதை அவ மெஷின்கிட்ட வச்சுட்டு, சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருந்துட்டு வா."

மருத்துவ முகாம் என்று சொல்லி நல்லசிவம் கம்பெனிக்குள் போனார். செங்கமலத்தின் மெஷின் மட்டும் காலி. மற்றவற்றில் முப்பத்தொன்பது பெண்கள். ஒவ்வொருத்தி பக்கத்திலும் ஒரு பாட்டில், எல்லாம் நிறைய. மதியம் ஆயிற்று. மூடிகளின் மேல் பஞ்சுத்தூசி படிந்துகொண்டே வந்தது. உதடு வெடித்தவர்கள்கூடத் தொடவில்லை.

பொறுக்காமல், "தண்ணி குடிங்கம்மா" என்றார்.

மெஷின்கள் எல்லாம் நின்றன. முப்பத்தொன்பது பேரும் ஒரே சமயத்தில் கூடத்தின் கோடியைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே கழிப்பறைக் கதவு. பூட்டு தொங்கியது. பிறகு ஒன்றாகவே குனிந்து தைக்கத் தொடங்கினார்கள்.

திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னார். அவளைக் குறை சொன்னதற்கு வெட்கமாக இருக்கிறது என்றும் சொன்னார். அம்மா காலியாக இருந்த பக்கத்துக் கட்டிலின் விரிப்பை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"யாருக்கும்மா?"

"மிச்சம் முப்பத்தொன்பது பேர் இருக்காங்களே."

நல்லசிவம் பேனாவை எடுத்தார்.

"செங்கமலத்துக்கு என்ன மருந்தும்மா எழுதட்டும்?"

"அந்தக் கதவோட சாவி யார்கிட்ட இருக்குன்னு கேட்டியா?"

நல்லசிவம் அதைக் கேட்கவில்லை. பேனாவை மூடினார்.